கூறைச் சேலையில் குதிரை முகம்

என்னிடம் ஒரு வெண்கல புரோச் இருக்கிறது. விரல் நீளம், மேலெல்லாம் பச்சை பூத்தது. ஆயிரத்தைந்நூறு வருடங்களுக்கு முன் இந்த இங்கிலாந்தில் யாரோ ஒரு பெண் தன் தோளில் உடுப்பைக் குத்தி வைத்தது. கீழ்முனையில் ஒரு குதிரை முகம். அது குதிரைதான் என்பதை நானும் என்னைப் போன்ற சில கிறுக்கர்களும் மட்டுமே ஒப்புக்கொள்கிறோம். மனைவி பார்த்தவுடனேயே "ஆடு" என்று முடித்துவிட்டாள்.

இந்த மாதிரிச் சாமான்களில் பின்பக்கத்து ஊசி பெரும்பாலும் உக்கிப் போயிருக்கும். என்னுடையதில் ஊசி உயிரோடு இருந்தது. அழுத்தினால் சுருள் வளைந்து, நுனி போய்க் கொக்கியில் விழும். வீட்டுக்கு வந்த ஒருவரையும் நிம்மதியாக இருக்க விடாமல் திறந்து மூடிக் காட்டினேன். "இன்னும் வேலை செய்யுது, பாருங்கோ!" வாய் சும்மா இருந்திருக்கலாம்.

போன கோடையில் குரோய்டனில் மனைவியின் அக்கா மகளுக்குக் கலியாணம். எங்கள் ரோட்டில் தமிழ் வீடுகளாகப் பார்த்து நகைக் கள்ளர் புகுந்த பிறகு, மனைவி தன் நகைகளை வங்கி லொக்கரில் பூட்டிவிட்டாள். காரில் ஏறும்போதுதான் கண்டேன்: அவளுடைய சேலைத் தோளில் என் குதிரை.

"கழட்டுமப்பா!"

"வேலை செய்யுது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? கள்ளன் கண்டாலும் பாவம் பாத்துக் கைச்செலவுக்குத் தந்திட்டுப் போவான்."

மண்டபத்தில் நான் ஓரிடத்தில் இருக்கவில்லை. அவள் போன இடமெல்லாம் பின்னாலேயே போனேன். யாரும் கட்டிப்பிடிக்க வந்தால் இடையில் நான் புகுந்து கட்டிப்பிடித்தேன். பல மாமிமார் திகைத்துப் போனார்கள்.

மணப்பொம்பிளை கூறை மாற்றப் போக, உதவிக்கு மனைவியும் போனாள். அந்த அறைக்குள் எனக்கு இடமில்லை. திரும்பி வந்தவளின் தோளில் வெறும் சேஃப்டி பின்.

"எங்கை?"

"என்ன எங்கை?"

"குதிரை!"

"ஓ, ஆடோ? பிள்ளையின்ர தோளில. கூறை சரியான பாரம், ரெண்டு பின் வளைஞ்சு போச்சு. உங்கட சாமான்தான் இறுக்கிப் பிடிச்சுது."

எட்டிப் பார்த்தேன். மணவறையில், அத்தனை பவுனுக்கும் நடுவில், பச்சை முகம் ஒன்று என்னைப் பார்த்தது. கெட்டிமேளம் கொட்டியது. சபை முழுக்கத் தாலியைப் பார்க்க, நான் மாப்பிள்ளையின் முழங்கையைப் பார்த்தேன். இன்னும் ஒரு அங்குலம் இறங்கினால் ஆயிரத்தைந்நூறு வருடம் தூள்.

அறுகரிசி போட்டு வாழ்த்த வரிசையில் நின்று மேலே ஏறினேன். பொம்பிளை தலையை அசைக்காமல் கிசுகிசுத்தாள்.

"சித்தப்பா, நான் மூச்சே விடேல்ல. இது உடைஞ்சா நீங்கள் அழுவீங்கள் எண்டு சித்தி சொன்னவா."

"சீச்சீ, நான் ஏன் அழுறன்?" என்றேன். குரல் ஒத்துழைக்கவில்லை.

"அங்கிள், ஆர் யூ ஓகே?" என்றார் மாப்பிள்ளை.

"அண்ணை, கமெராவைப் பாருங்கோ," என்று படம் எடுக்கிறவர் கத்தினார். "அண்ணை! பொம்பிளையை இல்லை, கமெராவை!"

சபை சிரித்தது. அல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. நான் இன்னும் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பொம்பிளை வேறு சேலை மாற்றிய பிறகு, கடதாசித் துவாயில் சுற்றி மனைவி அதைக் கொண்டுவந்து தந்தாள். முகம் இருந்தது. ஊசி இருந்தது. ஆனால் சுருளுக்குள் ஒரு சிவப்பு நூல் இறுகிக் கிடந்தது.

பழைய புரோச்களின் சுருளில் அபூர்வமாக அந்தக் காலத்துத் துணியின் ஒரு இழை ஒட்டியிருக்கும். அப்படி ஒன்றுக்காக என் போன்றவர்கள் தவம் கிடப்பார்கள். எனக்கும் கிடைத்துவிட்டது: காஞ்சிபுரம் பட்டு.

இழுத்தால் ஊசி போய்விடுமோ என்று பயம். விட்டால், பிற்காலத்தில் எந்தப் பேராசிரியராவது குழம்பிப் போவாரே என்று கவலை. நூலைப் பிடுங்கச் சாவணத்தை எடுக்கிறேன், வைக்கிறேன். திரும்ப எடுக்கிறேன். நேற்றும் அப்படித்தான் இருந்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அதைக் கெதியாச் செய்து முடியுங்கோ. பிள்ளையின்ர தங்கச்சிக்காரிக்கும் கலியாணம் பேசி வருகினம்."