என் இருக்கையை மூடிய கித்தான்

கல்யாணமாகி நான் நாகர்கோவிலுக்கு வந்த மறு வருஷம் என் வீட்டுக்காரர் ஒரு கார் வாங்கினார். கீரிப்பாறைப் பக்கம் தோட்டம் பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. கூரை கிடையாது. கதவு இடுப்புக்குக்கூட வராது. உட்கார இரண்டே இடம். அதில் இரண்டாவது இடம் எனக்கு இல்லை என்பது மறுநாளே தெரிந்துவிட்டது. நம் வீட்டுப் பெண்கள் திரை போட்ட வில்வண்டியில்தான் போவார்கள், புருஷன் பக்கத்தில் திறந்த வண்டியில் உட்கார்ந்து ஊர் பார்க்கப் போகிற வழக்கம் இல்லை என்று மாமனார் சொல்லிவிட்டார். அரிசி மண்டிக்காரர், சபையில் மூப்பர். ஒரு தடவைக்கு மேல் எதையும் சொல்லமாட்டார்.

ஆகவே என் இடத்தில் புழுதிதான் சவாரி செய்தது. மழை பெய்தால் தண்ணீர் தேங்கியது. வெள்ளைக்காரர் விட்டுப்போன ஒரு படத்தில் இதற்கு வழி இருந்தது. இரண்டு இருக்கைகளையும் சேர்த்து மூடும் ஒரு முரட்டுக் கித்தான் துணி, நடுவில் பிரியும். ஓட்டுகிறவர் தன் பாதியை மடித்துவிட்டு உட்காரலாம், மறு பாதி மூடியே கிடக்கும். கடைத்தெருத் தையற்காரர் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, தனக்கு மனுஷ உடம்புக்குத்தான் அளவெடுக்கத் தெரியும் என்றார். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் லேஸ் பின்னவும் மிஷினில் தைக்கவும் படித்தவள். நான் தைக்கிறேன் என்றேன்.

மிஷின் ஊசி ஏழு ஒடிந்தது. அழுத்தினால் டக்கென்று பிடிக்கும் பித்தளைப் பொத்தான்களைப் பதிக்க ஆசாரி காரின் தகட்டில் துளை போட்டபோது, பிள்ளைக்குக் காது குத்துகிற இடத்தில் நிற்கும் அப்பனைப்போல் என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுருக்கமில்லாமல் இழுத்துப் பூட்டினோம். அழகாகத்தான் இருந்தது, முதல் மழை வரும்வரை. நனைந்து காய்ந்ததும் கித்தான் நாலு விரல் சுருங்கி, ஒரு பொத்தானுக்கும் எட்டவில்லை. நான் வேண்டுமென்றே செய்ததுபோல் இவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்குக் கோபம் வந்தது.

"கித்தான் நனஞ்சா சுருங்கும்னு ஒங்க வெள்ளக்காரன் படத்துல போடல்லியா?" என்று கேட்டேன்.

அடுத்த கித்தானை மூன்று தடவை ஊறப்போட்டுக் காயவைத்த பிறகே கத்தரி வைத்தேன். ஸ்டியரிங் பக்கம் பிள்ளைத்தாய்ச்சி வயிறுபோல் புடைப்பு விட்டுத் தைத்தேன். இந்தத் தடவை நச்சென்று உட்கார்ந்தது. இவர் தினமும் காலையில் தன் பாதியைத் திறந்து மடித்துவிட்டு, என் பாதியைச் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புவார். எனக்கென்று இருந்த ஓர் இடத்தை நானே தைத்து மூடிவிட்டேனே என்று ஜன்னலில் நின்று வயிறெரிவேன்.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. கல்யாணத்துக்கு முன்பே நான் வாத்திச்சி வேலைக்குப் படித்துத் தேறியிருந்தேன். தக்கலையை அடுத்த பத்மநாபபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இடம் காலி. திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும். மாமனார் கடிதத்தைப் படித்து, மடித்து, "ஆண்டாம்" என்று மறுத்துவிட்டார். நான் அடுக்களையில் போய் ஒரு சட்டி மூடியைத் தரையில் எறிந்தேன். பிறகு அழுதேன்.

திங்கட்கிழமை காலை மாமனார் வயல் பார்க்கப் போனதும் இவர் வந்து, "ஏட்டி, ஒன் சர்டிபிகேட்ட எடுத்துட்டு வா. மூடுன வண்டியிலதான போவணும்? மூடிப்போடலாம்" என்றார். அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனுஷன். கையெழுத்து விழுந்துவிட்டால் பிறகு வருவது வரட்டும் என்று துணிந்திருந்தார்.

இருக்கையில் உட்கார்ந்தால் தலை முட்டும். கால் வைக்கிற பள்ளத்தில் தலையணை போட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். டக், டக் என்று பொத்தான்கள் விழுந்தன. அவை வெளியிலிருந்துதான் திறக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே ஒரே இருட்டு, பெட்ரோல் வாசம், அடுப்புச் சூடு. நன்றாக ஊறப்போட்டுக் காயவைத்த என் சமர்த்தை நொந்துகொண்டேன், காற்று நுழைய ஒரு இடுக்குகூட இல்லை.

பார்வதிபுரம் தாண்டி வண்டி நின்றது.

"எங்கலே போற?" மாமனாரின் குரல்.

"தக்கலைக்கு, அப்பா."

"நானும் வாறேன். வில்லுக்குறில எறங்கிக்கிடுவேன். இதத் தொற."

"அது... பொத்தான் துருப்புடிச்சிப் போச்சு. தொறக்க வரல்ல."

பித்தளை துருப்பிடிக்காது என்பது அரிசி மண்டிக்காரருக்குத் தெரியாதா? கித்தானின்மேல் ஒரு கை வந்து பதிந்தது, என் தலைக்கு ஒரு சாண் மேலே. நான் மூச்சை அடக்கினேன். எவ்வளவு நேரம் அடக்க முடியும்? வேலை போயிற்று என்று நினைத்தேன். பிறகுதான் கைக்குத் தட்டுப்பட்டது, என் முந்தானை ஓரம் ஒரு பொத்தானில் மாட்டி வெளியே போயிருந்தது.

கை அப்படியே இருந்தது.

"உள்ள காத்து வருமாலே?" என்று கேட்டார்.



டக், டக், டக். துருப்பிடித்த பொத்தான்கள் மூன்றும் அவர் விரலுக்குச் சுலபமாகத் திறந்தன. மாட்டியிருந்த முந்தானை விடுபட்டது. வெளிச்சமும் காற்றும் சேர்ந்து முகத்தில் அடித்தன. அவர் குனிந்து பார்க்கவில்லை. திறந்த மூலை வழியாக அவருடைய குடையின் பிடி உள்ளே வந்தது. நான் பிடித்துக்கொள்ளும்வரை அவர் மறு நுனியை விடவில்லை.

"பள்ளிக்கூடத்து முத்தத்துல வெயிலு கொல்லும்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

வண்டி நகர்ந்தது. பின்னாலிருந்து அவர் குரல் உயர்ந்து கேட்டது. ஒரு தடவைக்கு மேல் சொல்லாதவர், அன்று இரண்டு தடவை சொன்னார்.

"வரும்ப மூடாண்டாம்லே. கேட்டியா, வரும்ப மூடாண்டாம்."

நான் எட்டிப் பார்த்தபோது, தோளில் கிடந்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அவர் வில்லுக்குறிக்கு நடக்க ஆரம்பித்திருந்தார்.