தண்டவாளத்து ஓரக் கீழாநெல்லி

கீழாநெல்லியை யாரும் விதைத்து வளர்ப்பதில்லை. இலைக்கு அடியில் கடுகுபோல் தொங்கும் காய் தானே வெடித்து, ஈரமும் நிழலும் உள்ள இடமெல்லாம் முளைக்கும். அதன் பூவைப் பார்க்கச் செடியைக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும், அவ்வளவு சின்னது. ஆனால் லாயாங் லாயாங் ஊருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்துத் துரைக்கு ரப்பர் மரத்தடி கூட்டிய வாசலாக இருக்க வேண்டும். புல் பிடுங்கும் பெண்களில் நானும் ஒருத்தி. வருஷக்கணக்கில் அந்தச் செடியை வேரோடு பிடுங்கி எறிந்த எனக்கு, வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை வந்தபோது ஒரு கொத்துகூட அகப்படவில்லை. எரிச்சல் எரிச்சலாக வந்தது.

கண் மஞ்சள், நகம் மஞ்சள், சோற்றைக் கண்டால் குமட்டல். தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரசர் கொடுத்த மருந்து வயிற்றில் தங்கவில்லை. எங்கே என்னை விட்டுப் போய்விடுவாரோ என்று பயந்தேன். அவருடைய அக்கா, என் நாத்தனார், "நீ வேலைக்குப் போ. தண்டவாளத்து ஓரம் நெறைய நிக்குது. நான் பறிச்சு மோர்ல அரைச்சுக் குடுக்கிறேன்" என்றார். தம்பி என்றால் அவருக்கு உயிர்.

நாங்கள் குனிந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, லாலான் புல்லுக்கு விஷ மருந்து அடிக்கும் ஆட்கள் முதுகில் டின்னோடு வந்தார்கள். "இவ்ளோ நேரம் எங்க போயிருந்தீங்க?" என்று கங்காணி சீறினார்.

"விடியக்காலையிலேயே தண்டவாளத்து ஓரம் முழுக்க அடிச்சிட்டுத்தானே வரோம், கங்காணி."

அந்த மருந்தில் இருப்பது பாஷாணம். அடித்த உடனே இலை வாடாது. பனி விழுந்ததுபோல் மின்னும். அந்தப் புல்லைத் தின்ற மாடு செத்ததை நான் பார்த்திருக்கிறேன். கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். "பேர வெட்டிருவேன்!" என்று கங்காணி கத்தினார். ஒரு நாள் கூலிதானே, வெட்டிக்கொள்ளட்டும்.

நாங்கள் குடியிருந்த லயத்துக்குள் நுழைந்தபோது வீட்டுக்காரர் தம்ளரை வாயருகே கொண்டுபோய்விட்டார். தட்டிவிட்டேன். பச்சைச் சாறு சுவரெல்லாம் தெறித்தது.

"குடிச்சீங்களா? சொல்லுங்க, குடிச்சீங்களா?"

"இல்லடி. கசக்கும், வேணாம்னு சொல்லிக்கிட்டிருந்தேன்."

எனக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

"பச்சப்புள்ளயாட்டம் அடம் புடிச்சான்" என்று நாத்தனார் சிரித்தார். "கசக்காது, பாருடான்னு நானே பாதி தம்ளர் குடிச்சுக் காட்டினேன்."

மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் நாத்தனாருக்கு வாந்தி. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் குடிக்கலியே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "இல்ல அண்ணி, ஒரு சொட்டுகூட இல்ல" என்றேன். ஆஸ்பத்திரி வாசல் வருவதற்குள் கேட்பதை நிறுத்திவிட்டார்.