மண்டையோடு பார்த்து வந்தவர்

கல்லறைத் திருநாளன்று, வடக்கனந்தல் பக்கம் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், அம்மாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன். இதே ஊரில் பிறந்த, கறுப்புக் கண்ணாடி போட்ட ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் கையில் மெழுகுவத்தியோடு வந்தார். யாரைப் பார்த்தாலும் போனை நீட்டுகிறவர், என்னிடமும் நீட்டினார். ஐரோப்பாவில் ஏதோ சுரங்கம், சுவர் முழுக்க மண்டையோடுகள்.

"ரெண்டு மணி நேரம் க்யூல நின்னு பாத்தேன் தம்பி. செத்தவங்கள இன்னா மரியாதையா வெச்சிக்கினு இருக்கான் பாரு! நம்மாளுக்கு அதெல்லாம் தெரியாது."

"உங்கப்பா கல்லறை எதுங்க சார்?" என்றேன்.

முட்புதருக்குள் கொஞ்ச நேரம் எட்டி எட்டிப் பார்த்தார். பிறகு, நான் வெள்ளையடித்து முடித்த கல்லறையில் மெழுகுவத்தியை ஏற்றி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார்.

"சார், அது எங்கம்மாங்க."

"இருக்கட்டும் தம்பி, ஒரு போட்டோ எடு" என்றார், கண்ணைத் திறக்காமலே.