காது போனது, லைன் போகவில்லை

தருவைகுளம் வளன் ஒரு கேபிள்காரன் காதை அறுத்து நெத்திலியோடு காயப்போட்டிருக்கிறான் என்று தூத்துக்குடி முழுக்கப் பேச்சு. பழைய துறைமுகத்துப் பக்கம் டீக்கடையில் கேட்டபோது ஒரு காது. பஸ் ஏறியபோது இரண்டு காது. தருவைகுளத்தில் இறங்குவதற்குள் கண்டக்டர் மூக்கையும் சேர்த்துவிட்டார். இன்னும் நாலு ஸ்டாப் இருந்திருந்தால் ஆளே கருவாடாகியிருப்பான்.

வாசலில் காய்ந்த நெத்திலியை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே கதவைத் தட்டினேன். திறந்தவர் வளன். அவருடைய இடது காதில் பெரிய கட்டு.

"காதா? அது எங்காதுதான்வே. உள்ள வாரும்."

ஐம்பத்தைந்து வயது. தன் வாழ்க்கையை, உடம்பில் இல்லாமல் போனவற்றைக் கொண்டே சொல்கிற மனிதர். முன்பற்கள், வலையை அறுத்துக்கொண்டு ஓடிய படகில் நடுக்கடலில் தாவி ஏறியபோது போயின. வலது கையில் இரண்டு விரல், விசைப்படகில் வலை இழுக்கிற வின்ச்சில் போயின. காது மடல் பிராட்பேண்டில் போனது.

விரல் போனபின் கடலுக்குப் போகவில்லை. வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம் மகள் ஜெர்லினுடையது. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே ஆஸ்பத்திரி பில் சரிபார்க்கிற வேலை. ஊருக்கெல்லாம் கேபிள் டிவிக்கும் இன்டர்நெட்டுக்கும் லைன் கொடுக்கிறவர் மகாராஜன். அவர் லைன் மதியமானால் செத்துவிடும். மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்: வேலை நேரத்தில் இன்னொரு தடவை லைன் போனால் வேலையும் போகும்.

வளன் மகாராஜன் ஆபீசுக்குப் போய்க் கேட்டார்.

"கடக்காத்து அண்ணாச்சி. ஒயருல உப்பு புடிச்சிருக்கு."

"மாசாமாசம் வாங்குத காசுல மட்டும் உப்பு புடிக்கலியோ?"

நேரே போய் வேறு கம்பெனியில் எழுதிக்கொடுத்தார். புது ஒயர் வந்தது. மறுநாள் காலையில் அது தெருவில் துண்டாகக் கிடந்தது. மறுபடி இழுத்தார்கள், மறுபடி துண்டு. வெட்டியது மகாராஜனின் லைன்மேன் சுடலைக்கண்ணன். அதைத் தெருவே பார்த்தது. பார்க்கவில்லை என்றும் தெருவே சொன்னது.

மற்றவர்கள் போலீசுக்குப் போவார்கள். வளன் சட்டம் படித்தது கடலில். அங்கே ஒருவன் வலையை அறுத்தால், அவன் படகிலிருந்து ஒரு சாமானைத் தூக்கிவந்து ஊர் கமிட்டி முன் வைப்பார்கள். அவன் அபராதம் கட்டி மீட்டுப் போவான். சனிக்கிழமை பிற்பகல், கம்பெனிக்காரர்கள் மூன்றாம் முறை ஒயர் இழுத்துவிட்டுப் போன கையோடு, கோயில் பக்கத்துக் கம்பத்தில் ஏணி போட்டு ஏறினார். ஊருக்கெல்லாம் லைன் பிரிகிற மகாராஜனின் பெட்டியைக் கழற்றித் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

படகுச் சாமானைத் தூக்கினால் ஒருவனுக்குத்தான் வலிக்கும். இந்தப் பெட்டிக்குள் ஊரே உட்கார்ந்திருந்தது, கிரிக்கெட்டின் கடைசி ஓவரைப் பார்த்தபடி. எல்லா வீட்டிலும் திரை கறுத்தது.

முதலில் ஓடிவந்தது மச்சினன் ரெமிஜியுஸ்.

"மச்சான், பெட்டிய வையும்!"

"கமிட்டிலதாம்லே வைப்பேன்."

"கடைசி ஓவர்வே!"

முதல் குத்து வளன் மூக்கில் விழுந்தது. இரண்டாவது குத்துக்கு ஆட்கள் முண்டியடித்தார்கள்.

அதற்குள் சுடலைக்கண்ணன் கட்டிங் பிளேயரோடு வந்தான். ஜன்னலுக்கு மேலே புது ஒயர் அவன் கண்ணில் பட்டது. "ஊரே செத்துக் கெடக்கு, இவன் வீட்ல மட்டும் லைன் ஓடுது பாருங்கலே!"

கூட்டம் ஒயர் பக்கம் திரும்பியது. ஜன்னலுக்கு உள்ளே ஜெர்லின் ஹெட்செட்டோடு பில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வளன் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு, ஒயரை இரண்டு கையாலும் சுவரோடு அணைத்துக்கொண்டார். அடிக்கிறவர்களுக்கு அதைவிடத் தோதான நிலை கிடையாது. முதுகில் துடுப்பு விழுந்தது. விலா எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டதாம். ரெமிஜியுஸ் அவர் கையைப் பிரித்துப் பார்த்தான், முடியவில்லை. காதைக் கடித்தான். மடல் அவன் பல்லோடு வந்தது. கீழே துப்பிய துண்டை மனிதர் யாரும் தேடவில்லை. பூனை தேடிக் கண்டுபிடித்தது. வளன் கை மட்டும் ஒயரை விடவில்லை.

"எங்க மேனேஜர் என்ன சத்தம்னு கேட்டாரு. கோயில் திருவிழான்னு சொன்னேன்," என்றாள் ஜெர்லின். "அப்பா ஜன்னல் வழியா கண்ணக் காட்டினாங்க, எந்திரிக்காதன்னு. எந்திரிச்சிருந்தா அவ்வளவு அடியும் வீணால்லா போயிருக்கும்?"

எழுந்து வந்தது மனைவி ஜீவமணிதான், கொதிக்கிற கஞ்சிப் பானையோடு. கூடப்பிறந்த தம்பி என்றெல்லாம் பார்க்கவில்லை. ரெமிஜியுஸ் தோளில் தோல் உரிந்து தொங்கியது. அடுத்து அவள் கைக்கு அகப்பட்டது மகாராஜனின் பழைய மோடம். ஒயரில் பிளேயரை வைத்த சுடலைக்கண்ணனின் நெற்றியில் அதை இறக்கினாள். மோடம் இரண்டாகவும், நெற்றி கிட்டத்தட்ட இரண்டாகவும் ஆயின. அவ்வளவு ரத்தத்தைப் பார்த்தபிறகுதான், மேட்ச் எப்போதோ முடிந்திருக்கும் என்பது ஊருக்கு உறைத்தது.

மறுநாள் பூசை முடிந்ததும் கமிட்டி கூடியது. பெட்டியை வளன் திருப்பிக் கொடுத்தார். வெட்டிய ஒயருக்கு மகாராஜன் அபராதம் கட்டினார். காதுக்கும் தோளுக்கும் ஆஸ்பத்திரிச் செலவை மச்சானும் மச்சினனும் மாற்றிக் கழித்துக்கொண்டார்கள். சுடலைக்கண்ணன் தையலுக்கு முதலாளி பொறுப்பு. லைன் ஓடுகிறது. ஜெர்லினுக்கு வேலை இருக்கிறது.

கமிட்டிக்குப் போகாதது ஒன்றுதான். பழைய லைனை நிறுத்தியதால், மோடத்துக்குக் கட்டிய ஐந்நூறு ரூபாய் அட்வான்ஸ் திரும்ப வரவேண்டும்.

"மோடத்தக் கொண்டாரும் அண்ணாச்சி, வாங்கிக்கிடும்," என்றார் மகாராஜன்.

வளன் இரண்டு துண்டையும் மேசைமேல் வைத்தார்.

"ஒடஞ்சில்லா இருக்கு?"

"ஒடச்சது உம்ம ஆளு தல. அவங்கிட்ட புடிச்சுக்கிடும்."

மகாராஜன் பாதி தருகிறேன் என்கிறார். வளனுக்கு முழுசாக வேண்டும். ஆபீசுக்குப் போகும்போதெல்லாம் நாற்காலி எடுத்துப் போடுவது சுடலைக்கண்ணன்தான். ஐந்நூறு ரூபாய் மட்டும் இன்னும் வரவில்லை.