இராயப்பு அண்ணை கலக்கிய 2050ஆம் ஆண்டுத் தண்ணீர்

முதல் மிடறை இராயப்பு அண்ணை உடனே விழுங்கமாட்டார். கன்னத்தில் ஒதுக்கி, கண்ணை மூடி, வாய்க்குள் இரண்டு பக்கமும் உருட்டிவிட்டுத்தான் இறக்குவார். யார் வீட்டுக்குப் போனாலும் தேநீர் கேட்பதில்லை. பச்சைத் தண்ணீர்தான், அதுவும் ஜாக்கெட் பையில் கொண்டு திரிகிற சொந்தத் தகரப் பேணியில். போன மாதம் ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் தகப்பனைப் பிடித்து, "தண்ணி பரவாயில்லை, குழாய்தான் பழசு" என்று சொல்லிவிட்டு வந்தார். டோர்ட்மண்ட் நகரத்தில் எல்லாத் தெருவுக்கும் ஒரே தண்ணீர்தானே வருகிறது என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

"உமக்கு நாக்கு இல்லை, தம்பி."

ஹோட்டல் குசினியில் முப்பது வருடம் கோப்பை கழுவியவர். அந்த நாக்கில்தான் இப்போது ஒரு வீடு தொங்குகிறது.

மனைவி பேர்பெச்சுவா அக்காவுக்கு முழங்கால் வாதம். இந்தக் குளிரில் மூன்றாம் மாடியிலிருந்து இறங்குவதற்குள் அவருக்கு அழுகை வந்துவிடும். வெயிலில் போய் இருப்போம் என்று அக்காதான் மால்டா தீவில் ஒரு சின்ன வீடு தேடிப் பிடித்தார். ஈஸ்டருக்கு இருவரும் போய்ப் பார்த்தார்கள். அக்கா படி இல்லாத வாசலைப் பார்த்தார். அண்ணை கிணற்றைப் பார்த்தார்.

"எங்கட ஊர்ப் பக்கம் மாதிரித்தான். ஆறில்லை, முழுக்கச் சுண்ணாம்புக் கல்லு. அடியில கொஞ்சம் நல்ல தண்ணி, சுத்திவரக் கடல். கூட இறைச்சா உப்புச் சவராப் போயிடும்."

ஒரு கலன் தண்ணீரை உடுப்புக்குள் சுற்றி, விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்தார் மனுசன்.

வந்த கிழமையே தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார்கள்: காலநிலை மாறுகிறது, அந்தக் கடல் தீவுகளில் மழை குறையும், கிணறுகளுக்குள் உப்பு ஏறும். வீட்டுக்காரன் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தான். வியாழன் பின்னேரம் அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

குசினி மேசையில் நாலு கிளாஸ். ஒவ்வொன்றிலும் ஒரு கடதாசித் துண்டு ஒட்டியிருந்தது: இப்ப, 2030, 2040, 2050. எல்லாம் அதே கிணற்றுத் தண்ணீர். வருடம் ஏற ஏற உப்புக் கூட. எவ்வளவு உப்பு என்று எந்த விஞ்ஞானியையும் அவர் கேட்கவில்லை. விரலால் கிள்ளிப் போட்டதுதான்.

"குடியும். 2040இல எனக்கு எழுபத்தொன்பது. அந்த வயசில என்னத்தைக் குடிக்கப்போறன் எண்டு தெரிய வேண்டாமே?"

"அங்க கடல் தண்ணியைச் சுத்தம் செய்து குழாயில விடுறாங்கள், அண்ணை."

"அது மெசின் தண்ணி. கரண்ட் போனா?"

2030 பரவாயில்லை. 2040 தொண்டையில் நின்றது. 2050ஐ வாயோடு கொண்டு ஓடிப்போய்த் தொட்டிக்குள் துப்பினேன்.

"பாத்தீரே!" என்று மேசையில் அடித்தார்.

"2050இல உங்களுக்கு எண்பத்தொன்பது. இருப்பியளோ?"

"தண்ணி நல்லதெண்டா இருப்பன்."

சத்தம் கேட்டு அக்கா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். கிளாஸ்களைப் பார்த்தார். நான் வைத்த மிச்ச 2050ஐ எடுத்து, முகம் சுளிக்காமல் ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"எனக்கு இதே போதும். நாளைக்கு வீட்டுக்காரனுக்கு ஓம் எண்டு சொல்லப்போறன். நீங்கள் இஞ்ச இருந்து மழையைக் குடியுங்கோ."

வந்த மாதிரியே சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

அண்ணை கலனைச் சரித்து இன்னொரு 2050 கலக்கினார். பிரிட்ஜைத் திறந்து ஒரு தேசிக்காய் எடுத்து வெட்டி, பாதியைப் பிழிந்து, இரண்டு கரண்டி சீனி போட்டு ஆட்டினார். ஒரு வாய் குடித்தார். யோசித்தார். மற்றப் பாதியையும் பிழிந்தார்.