கூட்டினால் நான்கு, பெருக்கினால் ஐந்து

பட்டாசு மிஸ்ஸுக்குக் கோபம் வருவதற்குக் காரணமே வேண்டாம். சாக்பீஸ் உடைந்தால் கோபம். உடையாமல் கிறீச்சிட்டால் அதற்கும் கோபம். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் அந்த மையத்தில் கணக்குப் பாடம் அவளுடையது. அவள் குரலை உயர்த்தினால் பக்கத்து அறையில் வேதியியல் நடத்துகிறவர் பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொள்வார். பெயரை வைத்தது மாணவர்கள்தான் என்றாலும் வீட்டில் கணவரும் அதையே பிடித்துக்கொண்டார். "பட்டாசு வந்தாச்சு, டிவி சத்தத்தக் குறைங்க" என்பார் பிள்ளைகளிடம். ஆனால் ஒன்று, அவள் திட்டினால் அதில் நியாயம் இருக்கும். இந்த வருஷத்து மாதிரித் தேர்வு வரைக்கும் இருந்தது.

மாதிரித் தேர்வுக்கு வினாத்தாள் தயாரிக்கச் சொன்னார் மையத்தின் டைரக்டர். "பழைய பேப்பரையெல்லாம் பசங்க மனப்பாடம் பண்ணிட்டு வந்துடறாங்க மிஸ். எல்லாம் புதுசா இருக்கணும். சாயங்காலத்துக்குள்ள வேணும்."

சாயங்காலத்துக்குள் புதுசுக்கு எங்கே போவது? இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். பழைய கேள்வியை எடுத்து எண்களை மாற்றினாள். இரண்டு மெய்யெண்களைக் கூட்டினால் ஐந்து, பெருக்கினால் நான்கு, அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் என்ன வரும் என்பது பழைய கேள்வி. எண்கள் ஒன்றும் நான்கும், விடை பதினேழு. அவள் ஐந்தையும் நான்கையும் இடம் மாற்றிப் போட்டாள். கூட்டினால் நான்கு, பெருக்கினால் ஐந்து. சூத்திரத்தில் போட்டால் ஆறு வந்தது. தந்திருக்கும் விடைகளில் ஆறையும் ஒன்றாக வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

இந்தத் தேர்வை வைத்துத்தான் பிள்ளைகளைப் பிரிப்பார்கள். நல்ல மார்க் வாங்கியவர்கள் கீழ்த்தளத்து ஏசி அறையில் இருப்பார்கள். கடைசி மாதம் முழுக்கப் பட்டாசு மிஸ்ஸே நேரில் நின்று கணக்குப் போட வைப்பாள். மற்றவர்கள் மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் வீடியோ பார்த்துக்கொண்டு வேர்த்து வழிய வேண்டியதுதான். கொட்டகைக்குப் போன யாருக்கும் சீட் கிடைத்ததாக எவரும் கேள்விப்பட்டதில்லை. தையல்காரர் மகளுக்கு ஒரே ஒரு கேள்வியில் கீழறை கைநழுவிப் போய்விட்டது. மிஸ் எண்களை இடம் மாற்றிப் போட்ட அந்தக் கேள்வியை அவள் எழுதாமல் விட்டிருந்தாள்.

பட்டாசு மிஸ் விடைத்தாளை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினாள். "இதப் போயி விட்டிருக்கியே! கண்ண மூடிக்கிட்டுப் போடலாமே! சூத்திரம் தெரியாதா?"

"தெரியும் மிஸ்."

"அப்புறம் என்ன கேடு?"

"அப்படி ரெண்டு எண் இல்லையே மிஸ்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. மிஸ்ஸுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "ஓஹோ! பேப்பர் போட்டவ முட்டாள், மகராணி பெரிய மேதாவியோ? கேட்டதுக்குப் பதில் எழுது. இருக்கா இல்லையான்னு ஆராய்ச்சி பண்ண உன்ன யாரும் இங்க கூப்பிடல. சொன்னதச் செய்யத் தெரியலைன்னா மேல போ!"

அப்பா கால்சட்டைத் துணியில் தைத்துக் கொடுத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தப் பெண் மாடிக்குப் போனாள்.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதும் மிஸ்ஸுக்குக் கோபம் ஆறவில்லை. எண் இல்லையாமே, எண்! கண்டுபிடித்து நாளைக்கு அவள் மூஞ்சியில் எறிகிறேன் என்று மனதுக்குள்ளேயே தேட ஆரம்பித்தாள். மூன்றும் ஒன்றும் பெருக்கினால் மூன்று. ஒன்றரையும் இரண்டரையும் நான்கைத் தொடவில்லை. இரண்டும் இரண்டும் நான்கு. சரிபாதியாகப் பிரித்தால் வருவதுதான் ஆக அதிகம், அதுவே நான்குதான். ஐந்து எங்கிருந்து வரும்?

"அடிப்பாவி!" என்றாள் சத்தமாக. பக்கத்தில் இருந்த அம்மாள் திடுக்கிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். மிஸ் தன்னைத்தான் சொல்லிக்கொண்டாள். கணக்கில் பெரிய படிப்பெல்லாம் படித்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று பற்றிக்கொண்டு வந்தது. அதைவிட, அத்தனை பேரும் சிரித்தார்களே, சிரிக்க வைத்தோமே என்று வந்தது.

மறுநாள் காலையில் முதல் வேலையாக டைரக்டர் அறைக்குள் நுழைந்தாள். "கேள்வி தப்பு சார். அந்தப் பொண்ணக் கீழ கொண்டு வாங்க."

"மெல்லப் பேசுங்க மிஸ், வெளிய பேரண்ட்ஸ் உக்காந்திருக்காங்க. மத்த எல்லாரும் ஆறுன்னு எழுதியிருக்காங்களே?"

"இல்லாத எண்ணுக்கு வர்க்கம் கண்டுபிடிச்சிருக்காங்க சார் எல்லாரும்! அத்தன பேர்ல ஒருத்திதான் யோசிச்சிருக்கா. அவளத்தான் தகரத்துக்கு அடியில போட்டு வறுக்கறோம்!"

"நிஜப் பரீட்சையில 'அப்படி எண் இல்ல'ன்னு எழுத இடம் கொடுப்பாங்களா? ஏதோ ஒரு விடையக் கறுப்பாக்கினாத்தான் மார்க்." அவள் நகர்வதாகத் தெரியவில்லை. விட்டால் போதும் என்று அவர் இறங்கி வந்தார். "சரி, கொட்டகைப் பிள்ளைங்களுக்கு மறுதேர்வு வைப்போம். இதே மாதிரி ஒரு கேள்வி போடுங்க. அவ அப்பவும் எழுதாம விட்டா, முழு மார்க் கொடுத்துக் கீழ கூட்டிக்கலாம். ஆனா கேள்வி தப்புன்னு யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

மிஸ் ஒத்துக்கொண்டாள். கூட்டினால் ஆறு, பெருக்கினால் பத்து என்று கேள்வி போட்டாள். அந்தப் பெண் இதையும் எழுதாமல் விடுவாள், விட்டே தீருவாள். அந்த வெற்றிடத்தைக் கொண்டுபோய் டைரக்டர் மேஜையில் அறைய வேண்டும் என்று கை துறுதுறுத்தது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மூச்சு விடக் கூடாதென்றால் கிடக்கட்டும் என்று சாயங்காலம் தையல்கடைக்குப் போனாள். பெண் இல்லை. கழுத்தில் டேப்போடு தையல்காரர் எழுந்து நின்றார்.

"வாங்க மிஸ். நல்லாத் திட்டினீங்களாமே! இன்னும் நாலு போட்டிருக்கணும். வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. மிஸ்ஸவிட உனக்குத் தெரியுமா, இனிமே அவங்க என்ன சொல்றாங்களோ அத அப்படியே செய்யின்னு சொல்லிட்டேன்."

தப்பு என்னுது என்று சொன்னால் முடிந்தது. எத்தனையோ பேரைக் கிழித்துத் தோரணம் கட்டிய வாய், அந்த ஒன்றுக்கு மட்டும் திறக்க மாட்டேன் என்றது. நன்றாக இருந்த கைப்பையை நீட்டி, "இந்த ஜிப் கொஞ்சம் சிக்குது, பாருங்க" என்றாள். வழியெல்லாம் தன்னையே கரித்துக்கொட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மறுதேர்வுத் தாளை டைரக்டரே எடுத்துக்கொண்டு வந்தார். வாயெல்லாம் பல். "பாத்தீங்களா மிஸ்? பொண்ணு தேறிட்டா! ஒண்ணுகூட விடல. இப்பத்தான் பரீட்சை எழுதற பக்குவம் வந்திருக்கு. நாளையிலேர்ந்து கீழதான். உங்களுக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி."

மிஸ் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். சூத்திரத்தில் போட்டால் வருகிற பதினாறு, பளிச்சென்று கறுப்பாக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் பென்சிலால் எழுதி அழித்த தடம் ஒன்று தெரிந்தது. மூன்றும் மூன்றும் பெருக்கினால் ஒன்பது.

மறுநாள் ஏசி அறையில் முதல் பெஞ்சில் தையல்காரர் மகள் உட்கார்ந்திருந்தாள். மிஸ்ஸைப் பார்த்ததும் எழுந்து சிரித்தாள். "தேங்க்ஸ் மிஸ். இந்தத் தடவ நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன். இருக்கா இல்லையான்னு ஆராய்ச்சி பண்ணல."

பட்டாசு மிஸ் வெடித்தாள். "நான் சொன்னா? நான் சொன்னாச் செஞ்சிடுவியா? மூணும் மூணும் ஒன்பதுன்னு போட்டியே, அத எதுக்கு அழிச்சே? அந்தக் கணக்கே தப்பு! போட்டவ நான்! உனக்குப் புத்தி இருந்துச்சே, அத எங்க கொண்டுபோய்த் தொலைச்சே? இனிமே என் பேச்சக் கேக்காதே!"

பக்கத்து அறையில் வேதியியல் நின்றுபோயிற்று. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கண் நிரம்பிவிட்டது. எந்தக் குற்றத்துக்குத் திட்டு என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

"ஸாரி மிஸ்" என்று சொல்லி, மாடிக்குப் போகப் பையை எடுத்தாள்.