அகல்யா அழிக்க மறுத்த பெயர்

நம் பட்டுத் தொழில் சங்கத்து ஆண்டு மலருக்கு, உழைத்து மேலே வந்த ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். என்னைப் பற்றி நானே எழுதிக்கொள்வேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். நினைத்ததில் தப்பும் இல்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டுக் கூலித் தறியில் உட்கார்ந்தவன், இன்றைக்கு முள்ளிப்பட்டில் நாற்பத்திரண்டு தறிக்குப் பாவும் ஊடையும் கொடுத்து நெய்து வாங்குகிறேன். யார் தயவும் இல்லாமல் வந்தவன் இந்தச் சுப்பராயலு. அது ஊருக்கே தெரியும். ஆனால் ஒரு பெண்ணைப் பற்றி ஊருக்குத் தெரிந்ததெல்லாம் பொய். அந்தப் பொய்யில் எனக்குப் பங்கு உண்டு. அதனால் நான் எழுதுவது அகல்யாவைப் பற்றி.

சந்தவாசல் ராமதாஸின் மூத்த மகள் அகல்யா. ராமதாஸுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. அடுத்தவர் கழனியில் நாற்று நட்டு, கரும்பு வெட்டி, பெண்ணைப் பன்னிரண்டாவது வரைக்கும் படிக்க வைத்தார். அவள் கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போய்விட்டு, தொண்ணூற்றேழில் ஆரணியில் பன்னீர்செல்வத்தின் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கோயில் நோட்டீஸ் எல்லாம் அவள் கையால்தான் உருவாகும். எட்டே முக்கால் பஸ்ஸில் வந்து இறங்குவாள். சாப்பாட்டுத் தூக்கை மேசைக்கு அடியில் வைத்து, திரையைத் துணியால் துடைத்த பிறகுதான் உட்காருவாள்.

அவளிடம் ஒரு படம் கொடுத்தால், யார் எடுத்தது, எதற்குப் போடப்போகிறோம் என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்வாள். கொடுத்த படத்தைக் கொடுத்தபடியே தனியாகச் சேமித்துவிட்டு, நகலில்தான் வேலை செய்வாள். புடவைப் படம் என்றால் அந்தப் புடவையையே கொண்டுவரச் சொல்வாள். வாசல் வெளிச்சத்தில் அதை விரித்துப் போட்டு, திரையில் அரக்கு அரக்காகவே வரும் வரைக்கும் விடமாட்டாள். ஒருமுறை கொஞ்சம் பளிச்சென்று போடச் சொன்னேன். "கடக்காரரு படத்தப் பாத்துதான் ஆர்டர் குடுப்பாரு. புடவ போய்ச் சேந்தா உங்களத்தான் திட்டுவாரு மொதலாளி" என்றாள். கெட்டிக்காரி என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாயிரத்து மூன்று, ஆனி மாதம். என் புடவைகளைப் படம் பிடித்து, பதினாறு பக்கத்தில் வழவழப்பான புத்தகம் போட்டு, வெளியூர்க் கடைகளுக்கு அனுப்பலாம் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்குத் தெரிந்து நம் ஆட்களில் அதுவரை யாரும் செய்யாத காரியம். வேலூரிலிருந்து அருள்ராஜ் என்கிற படக்காரரை வரவழைத்தேன். ஒரு பெண்ணுக்கு ஒவ்வொரு புடவையாகக் கட்டி நிறுத்திப் படம் எடுத்தார். ஒரு வாரம் கழித்து ஒரு சிடியும் ஒரு காகிதமும் அனுப்பினார். சிடியில் இருந்த முப்பது படத்திலும் குறுக்கே வெளுத்த எழுத்தில் அவர் ஸ்டுடியோவின் பெயர். வாட்டர்மார்க் என்றார்கள். பொறுக்குவதற்கு மட்டும் கொடுக்கிற மாதிரிப் படம் அது. எது எது வேண்டும் என்று சொல்லி, கூட வந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால், எழுத்தில்லாத சுத்தமான படம் வரும். போனில் அவரே சொன்னார்.

காகிதம் இங்கிலீஷில் இருந்தது. படிக்காத காகிதத்தில் சுப்பராயலு கையெழுத்துப் போட மாட்டான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. யாரையாவது படித்துச் சொல்லச் சொன்னால், எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று ஆகிவிடும். சட்டைப் பையில் தங்க மூடிப் பேனா குத்திக்கொண்டு திரிகிறவன் நான். காகிதத்தை மடித்து டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

அகல்யா மாதிரிப் படங்களை எழுத்தோடு அப்படியே பக்கங்களில் பொருத்தி, ஒரு மாதிரிப் புத்தகம் செய்து காட்டினாள். எந்தப் பக்கத்தில் எந்தப் படம், எவ்வளவு பெரிது என்று நான் பார்த்துக்கொள்ள. பின்னட்டையில் "படங்கள்: அருள்ராஜ், வேலூர்" என்று சின்ன எழுத்தில் ஒரு வரி. நான் பொறுக்கிய பன்னிரண்டு படங்களின் எண்களைத் தனிச் சீட்டில் எழுதி வைத்திருந்தாள். அதை அனுப்பிவிட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் இரண்டு நாளில் படம் வந்துவிடும் என்றாள். பிறகு, "பேப்பர நான் வேணா படிச்சுச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். அச்சகத்தில் அப்போது நாலைந்து பேர் இருந்தார்கள். எனக்குக் காது இரண்டும் சுட்டது.

"எனக்குப் படிச்சுச் சொல்றதுக்கு சந்தவாசல்லருந்து பஸ்ஸேறி வந்துகினு இருக்கிறியா?" என்றேன். "அந்த எழுத்தத் தொடச்சுட்டு ஜல்தியா வேலயப் பாரு."

நம் தொழில் வழக்கம் உங்களுக்குத் தெரியும். இன்னொருவரிடம் சரக்கு எடுத்தால், மடிப்பில் குத்தியிருக்கும் அவர் சீட்டைப் பிய்த்துப் போட்டு நம் சீட்டைக் குத்துகிறோம். கைக்கு வந்தபின் அது நம் சரக்கு. யாரும் கோபித்துக்கொள்வதில்லை. படக்காரர் பெயரையும் நான் அந்தச் சீட்டாகத்தான் நினைத்தேன். புடவை என்னுடையது, படம் எடுக்க வரவழைத்தது நான், நடுவில் அவர் பெயர் எதற்கு?

அகல்யா நாற்காலியை விட்டு எழுந்தாள். "சீட்டு புடவ மேல குத்தினது மொதலாளி. இது படத்துக்குள்ளயே கீது. இத்த எடுத்தா அடியில புடவ இருக்காது, நாமளா எதனா போட்டு ரொப்பணும். அப்புறம் அது உங்க புடவயும் இல்ல, அவரு படமும் இல்ல. அவரு தரமாட்டேன்னு சொல்லலியே. கேட்டா குடுத்துடப் போறாரு."

கேட்டு வாங்குவதற்கு நான் யார் வாசலிலும் போய் நின்றவன் இல்லை என்றேன். பன்னீரைப் பார்த்து, ஆரணியில் வேறு அச்சகமும் இருக்கிறது என்றேன். அவள் எழுந்த நாற்காலியில் பன்னீரே உட்கார்ந்தார். இரண்டு நாள் தட்டித் தட்டி எழுத்தையெல்லாம் மறைத்தார். திரையில் ஓர் இடத்துப் புடவையை எடுத்து இன்னோர் இடத்தில் ஒட்டுகிற வேலை. பின்னட்டையில் இருந்த அந்த ஒரு வரியையும் எடுக்கச் சொன்னேன்.

ஆடியில் புத்தகம் வந்தது. முதல் புத்தகத்தை முள்ளிப்பட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அட்டையில் இருந்தது ஜெயம் நெய்த புடவை. இருபது வருசமாக எனக்கு நெய்கிறவள். முந்தியில் வரிசை வரிசையாக அன்னம், ஒன்று வலது பக்கம் பார்க்கும், அடுத்தது இடது பக்கம் பார்க்கும். தறிக்குழியில் இருந்தபடியே கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள்.

"இது யாரு தறிப் புடவ?" என்றாள்.

"உன்னுதுதான். தெரியலியா?"

"நா நெய்ஞ்ச அன்னத்துக்கெல்லாம் தல இருந்துதே மொதலாளி. இதுல நாலு ஒரே பக்கம் பாத்துகினு கீது, ஒண்ணுக்குத் தலயே காணோம். ஆடி மாசமாச்சே, கோயிலுக்கு நேந்து உட்டுட்டீங்களா?"

பக்கத்துத் தறிகளில் சிரித்தார்கள். ஜெயம் சிரிக்கவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தறியை மிதிக்கத் தொடங்கினாள். அந்த வாரத்துக்குள் நெய்கிறவர்கள் இருக்கிற தெருவெல்லாம் என் அன்னத்தைப் பற்றித்தான் பேச்சு. பெங்களூர்க் கடைக்காரர் அதே புடவையில் பத்து கேட்டார். அனுப்பினேன். படத்தில் இருப்பது போல இல்லை என்று திருப்பிவிட்டார். அகல்யா சொன்னது அச்சு மாறாமல் நடந்தது. அதற்கும் அவள் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

புத்தகத்தை வேலூரில் ஒரு கடையில் பார்த்துவிட்டு அருள்ராஜ் நேரே அச்சகத்துக்கு வந்தார். பில் புத்தகம் அடிக்கத் தாள் பார்ப்பதற்காக நானும் அங்கே இருந்தேன். வேறு ஏழெட்டுப் பேரும் இருந்தார்கள். அவர் சத்தம் போடவில்லை. அட்டையை மேசைமேல் வைத்து, "இத யாருங்க செஞ்சது?" என்று மட்டும் கேட்டார்.

பன்னீர் என்னைப் பார்த்தார். நான் பன்னீரைப் பார்த்தேன். அந்தப் பார்வையிலேயே இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டோம்.

"இந்தப் பொண்ணுதாங்க. தெரியாம செஞ்சுட்டா" என்றார் பன்னீர்.

அகல்யா அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "மொதலாளி சொல்லட்டும்" என்றாள்.

என் கையில் ரோஸ் தாள் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து எண்ணுகிற நேரம் இருக்கும். யாருக்கும் பயந்தவன் இல்லை என்று நாற்பது வருசமாகச் சொல்லி வந்த வாய் அந்தப் பத்து எண்ணுகிற நேரத்துக்குத் திறக்கவில்லை. திட்டுவார் என்று பார்த்தேன், அருள்ராஜ் திட்டவுமில்லை. "உங்க வேல சுத்தமா இருக்கும்னு கேள்விப்பட்டிருந்தேன்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். அவள் முகம் அப்போதுதான் வாடியது.

அன்று சாயங்காலமே அவளை வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார் பன்னீர். கம்ப்யூட்டரை அணைத்து, அதன் மேல் துணியைப் போர்த்தி, தூக்கை எடுத்துக்கொண்டு போனாளாம். ஆறு வருச வேலை. சுப்பராயலு புத்தகத்தைக் கெடுத்த பெண் என்று ஊரில் பெயர் ஆகிவிட்டது. ஆரணியில் வேறு எந்த அச்சகமும் அவளைச் சேர்க்கவில்லை. பிறகு செய்யாறில் ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலைக்குப் போனாள். விடியுமுன் எழுந்து கம்பெனி பஸ் பிடிக்க வேண்டும்.

பதினோரு மாதம் கழித்து, வேறு எதையோ தேடும்போது அந்தக் காகிதம் டிராயரில் கைக்கு அகப்பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு சந்தவாசலுக்குப் போனேன். ராமதாஸ் நாற்காலி போட்டு மோர் கொடுத்தார். மகளுக்கு என்னால் என்ன ஆனது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கொடுத்தார்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதும்மா. இத்தப் படிச்சுச் சொல்லு" என்றேன் அகல்யாவிடம்.

படித்தாள். நாலே வரி. எந்தப் படங்கள், எதற்காக, எத்தனை பிரதி, படக்காரர் பெயர் எங்கே வரும். படத்தில் ஏதாவது மாற்றுவதானால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவும். அவ்வளவுதான். சொத்தை எழுதிக் கேட்கவில்லை. அவள் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்து, "இதுக்குத்தானா மொதலாளி?" என்றாள்.

செய்தது தப்பு என்று சொன்னேன். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"என்னாண்ட தனியா சொல்லி இன்னா ஆவுது? எனக்குத் தெரிஞ்சதத்தான் எனக்கே சொல்றீங்க. அன்னிக்கு அங்க இருந்தாங்களே, அவங்க முன்னால சொல்லுங்க."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். வேலூருக்குப் போய் அருள்ராஜிடம் சொன்னேன். அவர் வெளியூர் ஆள், சொல்வது சுலபமாக இருந்தது. மறுநாள் அச்சகத்துக்குப் போனேன். நம் சங்கத்து ஆட்கள் ஆறு பேர் அங்கே இருந்தார்கள். வாங்க வாங்க என்று எழுந்து நாற்காலி கொடுத்தார்கள். உட்கார்ந்தேன். இருநூறு விசிட்டிங் கார்டு அடிக்கச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இது நடந்து நாலு வருசம் ஆகிறது. கார்டுகூடத் தீர்ந்துவிட்டது.

இந்த மலரும் பன்னீரின் அச்சகத்தில்தான் அச்சாகிறது. படிக்கப்போகிறவர்களும் அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்தான். ஆகவே சொல்கிறேன். படத்தில் இருந்த பெயரை அழிக்கச் சொன்னது நான். அழித்தது பன்னீர். அழிக்கக் கூடாது என்று சொன்னது அகல்யா. அவள் மேல் பழி போட்டபோது ரோஸ் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். இதைக் கொடுத்தபோது பன்னீர் படித்துவிட்டு, தன் பெயரையாவது எடுத்துவிடலாமே அண்ணே என்று கேட்டார். ஒருமுறை எடுத்தது போதும் என்றேன்.

செய்யாறு கம்பெனியில் இப்போது பெட்டிகளில் ஒட்டும் சீட்டையெல்லாம் அகல்யா பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி லாரியில் ஏறும் என்று ராமதாஸ் சொன்னார். இந்தக் கட்டுரையோடு போடுவதற்கு அவள் படம் ஒன்று கேட்டு அனுப்பினேன். தர விருப்பமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். படத்துக்காக விட்ட இடம் மேலே காலியாக இருக்கிறது. வேறு எதையும் வைத்து அதை ரொப்ப வேண்டாம் என்று பன்னீரிடம் சொல்லியிருக்கிறேன்.